ஆபீசர் சொன்ன வாசலும் அக்கா கேட்ட வாசலும்

என்னைப் பெறாமலே பெற்று, ஊட்டி, உதைத்து, ஆளாக்கிய என் செல்லாயி அக்காவுக்கு,

போன இடத்தில் சௌகரியம்தானா? அங்கே வெற்றிலை கிடைக்கிறதா? சுண்ணாம்பு? கிடைத்தால், தடவினது போக மிச்சத்தை எங்கே துடைக்கிறாய்? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

உனக்கு எழுதுகிற கடுதாசியை ஊரார் படிப்பார்களே என்ற வெட்கம் எனக்கில்லை. நாம் இரண்டு பேரும் ரகசியம் பேசினாலே ராசிபுரம் சந்தையில் மாடு மிரளும்.

முதலில் நிலவரம். இன்று பகல் பஸ்ஸில் மதராஸிலிருந்து பழங்காலச் சின்ன இலாகாவின் பெரிய துரை நம் ஊருக்கு வருகிறார். கையில் ஒரு போட்டோப் படம் கொண்டுவருகிறார். அந்தப் படத்தில் நெல்லுக்கோட்டை மதில் எப்படி இருக்கிறதோ, அப்படியே தரையிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் மகன் நாச்சிமுத்துவின் கையில் விலங்கு. விலங்கு என்பது நான் போட்ட மெருகு. ஆனால் வேலை போகும், வழக்கு நடக்கும், ஆஸ்பத்திரியை அந்தக் கட்டடத்தை விட்டே கிளப்பிவிடுவார்கள் என்பதில் மெருகு ஒன்றும் இல்லை அக்கா.

நீ போன பிறகு உலகம் எவ்வளவோ மாறிவிட்டது. யுத்தம் முற்றி, பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பைக் கட்டிவிட்டார்கள். கரி போட்டு ஊதி ஊதி ஓட்டுகிறார்கள். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளுகிறார்கள். துரையும் இறங்கித் தள்ளுவாரா? அப்படித் தள்ளினால் வந்து சேரும்போது எந்த மனநிலையில் இருப்பார்? இதையெல்லாம் யோசித்து நான் தூங்கவில்லை. என்னைத் தெரியுமே, மாட்டுத் தரகன் பொன்னுச்சாமி, இடி விழுந்தாலும் குறட்டையை நிறுத்தாதவன்.

படிக்கிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்.

நெல்லுக்கோட்டை என்பது எந்தக் காலத்திலோ ஒரு பாளையக்காரர் நெல் கொட்டி வைக்கக் கட்டியது. சுவரின் கனம் எவ்வளவென்றால், ஒருவன் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வருவதற்குள் கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்றுவிடுவான். சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கருங்கல் மதில். முன்னால் கல்லால் ஆன ஒரு நிலை, அதன் தலையில் இரண்டு யாளிகள். நெல் போய் எலி வந்து, எலி போய் வௌவால் வந்து, கடைசியில் ஜில்லா போர்டார் அதில் ஆஸ்பத்திரி வைத்தார்கள். அதற்கப்புறம் சர்க்காருக்கு ஞானம் பிறந்து, இது பழங்காலச் சின்னம், ஒரு கல்லை அசைத்தாலும் தண்டனை என்று நீலப் பலகை அடித்தார்கள். நீ அங்கே ஆயா. உன் மகன் கம்பவுண்டர்.

கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்த இடத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு எருமை படுத்தால் இன்னொரு எருமை நிற்க வேண்டும், மூன்றாவது எருமை நாமக்கல்லுக்குத்தான் போக வேண்டும். காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் போட்ட பெண்கள் மதிலின் உள்பக்கத்தில் சாய்ந்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இடம் கிடைக்காதவர்கள் வெளியே வண்டித்தடத்துப் புழுதியில், கள்ளிப் புதர் ஓரத்தில், வெயிலில். நீ உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்து நடந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொன்னாய்.

"வாசல் பத்தலீங்க."

டாக்டரிடம் சொன்னாய். போர்டு மெம்பரிடம் சொன்னாய். அம்மை குத்த வந்தவரிடம் சொன்னாய், அவர் பாவம், ஊசியைத் தவிர ஒன்றும் இல்லாதவர். கடைசிக் காய்ச்சலில், என்னையே யாரென்று தெரியாத நேரத்திலும், "வாசல் பத்தலை, அந்தப் புள்ளைத்தாச்சியை உள்ள ஒக்காரச் சொல்லு" என்றாய். அங்கே பிள்ளைத்தாய்ச்சி யாரும் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

நீ போனதும் நாச்சிமுத்து அழுதுகொண்டு உட்காரவில்லை. ஒரு மனு எழுதினான். அம்மா சொன்ன வார்த்தையை மாற்ற அவனுக்கு மனம் வரவில்லை. 'வாசல் போதவில்லை' என்றே எழுதினான். மதராஸுக்குப் போன அந்தக் காகிதம் திரும்பி வராது என்று நான் சத்தியம் செய்திருந்தேன். வந்தது. காகிதம் அல்ல, ஆளே வந்தார். பழங்காலச் சின்ன இலாகாவின் ஆபீசர், பேச்சு தஞ்சாவூர்ப் பக்கம். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார், மோர் கொடுத்தால் இரண்டு தம்ளர் குடிப்பார்.

அவர் வந்து நின்ற நேரத்தில் ஒரு கூண்டு வண்டி வந்தது. கல் நிலை குறுகலாக இருக்கவே வண்டி நுழையாமல், உள்ளே இருந்த பெண்ணைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். ஆபீசர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசல் போதலைன்னு எழுதியிருக்கேளே, வாஸ்தவம்தான். கண்ணாலேயே பார்த்துட்டேன். வாசலை அகலப்படுத்திக்கலாம், நான் உத்தரவு வாங்கித் தரேன். ஆனா வாசல் மட்டுந்தான். வேற எதையும் தொடப்படாது. கல் ஒண்ணுகூட உடையப்படாது. எடுத்த கல்லையேதான் திரும்ப வைக்கணும்" என்றார்.

"ஆகட்டுமுங்க. ஒரு கல்லு ஒடையாதுங்க. நான் பொறுப்புங்க" என்றான் உன் மகன். உத்தரவு வந்தது, அதே வார்த்தையோடு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான்.

அக்கா, நம் ஊரில் வாசல் என்றால் என்ன? ஊட்டுக்கு முன்னால் இருக்கிற வெட்டவெளி. கூட்டுவோம், சாணி தெளிப்போம், சோளம் காயப் போடுவோம், பஞ்சாயத்துப் பேசுவோம். கல்லிலோ மரத்திலோ நிறுத்திக் கதவு மாட்டுகிறோமே, அதற்குப் பெயர் நெலவு. இதில் யாருக்காவது சந்தேகம் உண்டா? ஊரில் ஒரு நாய்க்குக்கூடச் சந்தேகம் இல்லை. வாசலை அகலப்படுத்தச் சொன்னார், எடுத்த கல்லைத் திரும்ப வைக்கச் சொன்னார், அது மதில்; வேறெதையும் தொடக் கூடாதென்றார், அது நெலவு. நாங்கள் அப்படியே செய்தோம்.

நீ பார்த்திருக்க வேண்டும். ஊரே திரண்டது. கள்ளியை வெட்டி, மேட்டைச் சரித்து, இடத்தைப் பளிங்கு போல் சமப்படுத்தினோம். கொத்தனார் அங்கப்பன் மதிலை ஒவ்வொரு கல்லாக எடுத்தான். பெண்கள் சும்மாட்டில் சுமந்தார்கள். நான் வேலை செய்யவில்லை, மேற்பார்வை செய்தேன், அதுதான் கஷ்டமான வேலை. கல் நிலையை மட்டும் கண்ணைப் போலக் காத்தோம். வைக்கோல் பிரி சுற்றி, மேலே பழைய துப்பட்டியைப் போர்த்தி, அதன் பக்கத்தில் சாரம் சாய்த்தவனை நாச்சிமுத்து திட்டின திட்டில் அவன் கெங்கவல்லியில் உள்ள மாமனார் வீட்டுக்கே போய்விட்டான்.

மதிலைத் தள்ளிக் கட்டினோம். எதிரே வண்டி வர ஒரு திட்டிவழி திறந்து விட்டு மூங்கில் படல் போட்டோம். நடுவில் கல் நிலை மட்டும், இரண்டு பக்கமும் சுவர் இல்லாமல், தனியாக நின்றது. சபையில் எல்லாரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளை மாதிரி. யாளி இரண்டும் ஒன்றும் புரியாமல் எங்களையே பார்த்தன. எங்களுக்கு அது கொஞ்சமும் விசித்திரமாகப் படவில்லை. முழுசாக அறுபது பெண்கள் நிழல் பார்த்து உட்காருகிற வாசல் கிடைத்துவிட்டது. ஒன்றை ஒன்றாகச் சொல்லச் சொல்வாயே, சரி, முப்பது பெண்கள்.

ஆபீசர் பார்க்க வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கினவர் நடக்கவில்லை. மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மதில் எங்கேய்யா?"

"அக்கட்ட இருக்குதுங்க. ஒரு கல்லு ஒடையலீங்க" என்றான் நாச்சிமுத்து, பூரிப்போடு.

"வாசலைத்தானே அகலப்படுத்தச் சொன்னேன்?"

"ஆமாங்க. பாருங்க, எத்தாச்சோடு பெரிய வாசலு."

"எதுய்யா வாசல்?"

உன் மகன் குனிந்து தரையைக் காட்டினான். ஆபீசர் கையை நீட்டிக் கல் நிலையைக் காட்டினார். "அதுதானேய்யா வாசல்?"

"அது நெலவுங்க."

ஆபீசர் அண்ணாந்து பார்த்தார். நல்ல பட்டப்பகல். "நிலவா?"

"ஆமாங்க. நெலவை நாங்க தொடவே இல்லீங்க. ஒரு கீறல் இருந்தாச் சொல்லுங்க."

"நிலவை யாரய்யா தொடச் சொன்னா? உமக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

நான் குறுக்கே புகுந்தேன். பாதித் தமிழிலிருந்து மீதித் தமிழுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வியர்த்துவிட்டது. ஆபீசர் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். அந்தச் சிரிப்பு நின்ற விதம்தான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

"நீங்க தொட வேண்டியதைத் தொடலை. தொடப்படாததை அடியோட பேத்துட்டேள். பெரிய துரை வரப்போறார். அவர்கிட்ட பழைய போட்டோ இருக்கு. அதுக்குள்ள மதில் பழைய கோட்டிலே, பழைய மாதிரி நின்னாகணும். நின்னாச்சுன்னா நான் எழுதறதுக்கு ஒண்ணும் இருக்காது. இல்லேன்னா கையெழுத்துப் போட்டவர் கதி என்ன ஆகும்னு எனக்கே தெரியலை."

"அந்தப் போட்டோவை நாங்க ஒருக்காப் பார்க்கலாமுங்களா?" என்றான் நாச்சிமுத்து.

"அது மதராஸிலேன்னா இருக்கு."

அவ்வளவுதான். மோர் கொடுத்தோம். ஒரு தம்ளர்தான் குடித்தார்.

அன்றிலிருந்து நாச்சிமுத்து சரியாகச் சாப்பிடுவதில்லை. சொறிக்காரனுக்குக் காய்ச்சல் மருந்தைக் கொடுத்துவிட்டு, தெருக்கோடி வரைக்கும் ஓடிப் போய்ப் பிடுங்கி வந்தான். ஒரு சாயங்காலம் என்னிடம், "மாமா, நான் ஊர்ல இல்லாமப் போய்ட்டா ஆஸ்பத்திரிச் சாவியை யாருகிட்டக் குடுக்கறது?" என்றான். உன் முகம்தான் அவனுக்கு. அந்த முகம் அப்படிக் கேட்டதும், சாவியை அவன் மடியிலேயே செருகிவிட்டு வந்தேன்.

அடிவரிசைக் கல் பூமிக்குள் ஆழமாக இருந்ததால் நாங்கள் அதைத் தோண்டவில்லை. அதனால் பழைய கோடு கிடைத்துவிட்டது. ஆனால் எந்தக் கல் எங்கே இருந்தது? ஒழுங்காக அறுத்த கல்லா அது? ஒன்று பூசணிக்காய், ஒன்று பலாக்காய். எல்லாம் கலந்துபோயிருந்தன. அங்கப்பன் தலையில் கையை வைத்து உட்கார்ந்தான். ஊர்ப் பெரியவர்கள் தங்கள் தலையில் கையை வைத்து உட்கார்ந்தார்கள். நான் மாட்டுத் தரகு பேசுகிற மாதிரி துண்டைப் போர்த்தி அதற்குள் என் கையை நானே பிசைந்துகொண்டேன்.

அப்போதுதான் உன் கூட்டாளி பாவாயி, இப்போது உன் வேலையைப் பார்க்கிறாளே அவள்தான், கல் குவியலைப் பார்த்துக்கொண்டே நடந்தவள் சட்டென்று நின்றாள்.

"இது என்ற கல்லு, நான் சாயற கல்லு" என்றாள்.

கல்லில் வெள்ளையாக ஒரு தீற்று. சுண்ணாம்பு.

நினைவிருக்கிறதா அக்கா? மதிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற பெண்களெல்லாம் வெற்றிலைக்குத் தடவின மிச்சச் சுண்ணாம்பை, கையைப் பின்னால் கொண்டுபோய்க் கல்லில் துடைப்பார்கள். ஆளுக்கு ஒரு இடம், இடத்துக்கு ஒரு கல். வருஷக்கணக்காகத் துடைத்துத் துடைத்து அது கல்லில் ஊறிவிட்டது. முன்னொரு தரம் வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர், சின்னத்தை நாசம் பண்ணுகிறீர்கள், ஒன்றுவிடாமல் கழுவு என்று உன் கையில் பிரஷைக் கொடுத்துவிட்டுப் போனார். நீ கழுவவில்லை. கேட்டதற்கு, "அதது அவங்கவங்க எடம் சாமி, நான் எப்படி அழிக்கறது?" என்றாய். நீ அன்றைக்குச் சர்க்கார் உத்தரவை மீறினது இன்றைக்குச் சர்க்காரிடமிருந்து எங்களைக் காப்பாற்றுகிறது. இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

பாவாயி போட்ட சத்தத்தில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வந்து இறங்கினார்கள். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த பெண்களுக்கும் ஆள் போயிற்று. கல்லுக்குக் கல் வழக்கு.

"இது என்றது."

"அதெப்படி உன்றதாகும்? எனக்குப் பீச்சாங்கை. கோடு எந்தப் பக்கம் சாயுது பாரு."

"அப்ப அந்தக் கல்லு?"

"அதும் என்றதுதான்."

"ரண்டு கல்லுல தடவ உனக்கென்ன ரண்டு வாயா?"

"எனக்கு ஒரு வாய்தான். எட்டுப் புள்ளை. எட்டுப் புள்ளைக்கும் காய்ச்சல் வந்தா எத்தனை நாள் ஒக்காந்திருப்பேன், நீயே சொல்லு."

எதிராளி தன் கையாலேயே அந்தக் கல்லை அவள் பக்கம் புரட்டிவிட்டாள். நானும் ஒரு கை கொடுத்தேன். மேற்பார்வையை விட்டு நான் வேலை செய்தது அந்த ஒரு தடவைதான்.

இவள் கல்லுக்குப் பக்கத்தில் அவள் கல், அவள் கல்லுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி கல் என்று உட்காரும் உயரத்து வரிசை வந்துவிட்டது. ஒரு வரிசை சரியாக உட்கார்ந்ததும் மேலேயும் கீழேயும் உள்ள கற்கள் பல்லும் ஈறும் போலத் தாமே பொருந்த ஆரம்பித்தன. அங்கப்பன் கட்டிக்கொண்டே போனான். நிலைக்கு இடது பக்கம் முடிந்தது. வலது பக்கமும் முக்கால்வாசி முடிந்தது. நிலையை ஒட்டின ஒரு துண்டு மட்டும் நின்றுவிட்டது.

அது உன் துண்டு அக்கா.

நிலையை ஒட்டி நீதான் உட்காருவாய். உள்ளே வருகிறவர்களையும் வெளியே நிற்கிறவர்களையும் ஒரே பார்வையில் பார்க்கலாம் என்று வேறு யாரையும் அங்கே உட்கார விடமாட்டாய். உன் கல் எது என்று யாருக்கும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டரிடம் எதையாவது காட்ட வேண்டுமே என்று, எல்லார் சுண்ணாம்பையும் விட்டுவிட்டு, உன் கல்லை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாய் என்று பாவாயிதான் சொன்னாள். ஏன் அக்கா அப்படிச் செய்தாய்? எல்லார் இடத்தையும் காப்பாற்றினவளுக்குத் தன் இடம் மட்டும் பெரிதாகத் தெரியவில்லையா? இப்போது யாரைக் கேட்பது? உன்னைத்தான் கேட்டேன். நேற்று முழுக்க அந்தக் கற்களின் நடுவே உட்கார்ந்து உன்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எது உன் கல்? அதற்கு மேலே எது இருந்தது? உன் முதுகுக்கு எது இதமாக இருந்தது?

அங்கப்பன் ஏதோ ஒன்றை வைத்துப் பார்த்தான். பொருந்தவில்லை. உளியால் இரண்டு தட்டுத் தட்டினால் பொருந்திவிடும் என்றான். நாச்சிமுத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒரு கல்லு ஒடையாதுன்னு சொல்லியிருக்கறனுங்க" என்றான், கொத்தனாரிடமே மரியாதை போட்டு. பயம் வந்தால் அவனுக்கு எல்லார்மேலும் மரியாதை வந்துவிடுகிறது.

ஊரார் என்னை நம்பினார்கள். மதிலை அல்ல, என் வாயை. "துரை கேட்டா நீதான் எடுத்து உடோணும் பொன்னுச்சாமி" என்றார்கள். நானும் தயார் பண்ணினேன். கொல்லிமலையிலிருந்து மதம் பிடித்த யானை ஒன்று இறங்கிவந்து, சரியாக அந்தத் துண்டின் மேல் மட்டும் முதுகு சொறிந்துகொண்டது என்று ஒன்று. இடி ஒன்று விழுந்து, ஆஸ்பத்திரி நோயாளிகள் மேல் இரக்கப்பட்டு மதிலோடு நின்றுவிட்டது என்று ஒன்று. யானைக்கு நான் தந்தம்கூட வைத்துவிட்டேன். நாச்சிமுத்து கேட்டுவிட்டு, "மாமா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். நீங்க வாயைத் தொறக்காம இருந்தாப் போதும்" என்றான்.

இன்று விடிந்தது. சொல்வதைக் கேள்.

மதில் பழைய கோட்டுக்குத் திரும்பிவிட்டதால், நாங்கள் கள்ளி வெட்டிச் சமப்படுத்தின இடம் இப்போது மதிலுக்கு வெளியே கிடக்கிறது. பாவாயி வழக்கப்படி விளக்குமாறும் சாணிக் குண்டாவுமாக வந்தாள். உள்ளே கூட்டினாள். பிறகு வெளியே வந்து அந்த இடத்தையும் கூட்ட ஆரம்பித்தாள்.

"அதை எதுக்குக் கூட்டறே? அதுதான் நமக்கு இல்லைன்னு ஆயிருச்சே" என்றேன்.

"கூட்டறதுக்கு யாரு உத்தரவு வேணும்?" என்றாள்.

கூட்டிச் சாணி தெளித்தாள். அவள் தெளிக்கிற லட்சணம் உனக்குத் தெரியும், பாதி வாசலுக்கு, பாதி பக்கத்தில் நிற்கிறவன் வேட்டிக்கு. ஒரு வீச்சு கல் குவியல்மேல் போய் விழுந்தது. துரை வருகிற நாளில் பழங்காலச் சின்னத்தின்மேல் சாணியா என்று நாச்சிமுத்து பதறிப்போய் ஒரு குடம் தண்ணீரை எடுத்து ஊற்றினான். கல்லில் அப்பியிருந்த மண்ணெல்லாம் போய்விட்டது. வெயில் ஏற ஏறக் கல் காய்ந்தது. காயக் காய, ஒரு கல்லின் முகத்தில் மட்டும், மங்கலாக, மூன்று கோடு வெள்ளையாக எழுந்து வந்தது.

மூன்று விரல். முடிகிற இடத்தில் கொக்கி போல ஒரு சுழிப்பு. பேசிக்கொண்டே துடைத்துவிட்டு, சட்டென்று யாரையோ கூப்பிடக் கையைத் திருப்புகிற சுழிப்பு. அதை எனக்குத் தெரியாதா? அந்தக் கை என் முதுகில் எத்தனை தரம் விழுந்திருக்கிறது.

நாச்சிமுத்து உட்கார்ந்து, தன் மூன்று விரலையும் அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தான். அங்கப்பன் கல்லைத் தூக்கி இடத்தில் வைத்தான். பொருந்தவில்லை. என் உயிர் போயிற்று. அப்புறம் பாவாயிதான், "சுழி மேல போவுது பாரு. செல்லாயி கீழ பார்த்துத்தான தொடைப்பா? தலைகீழா வெச்சிருக்கற" என்றாள். திருப்பி வைத்தான். உன் கல் உட்கார்ந்தது. அப்புறம் மற்றக் கற்களுக்குத் தங்கள் இடம் தெரிந்துவிட்டது. அங்கப்பன் கடைசிக் கல்லை வைக்கிற சத்தம் இதை எழுதும்போது எனக்குக் கேட்கிறது.

இது போட்டோவில் உள்ளது போலத்தான் இருக்கிறதா? யாருக்குத் தெரியும். சுண்ணாம்பைப் பார்த்துக் கட்டின மதிலைத் துரை ஒத்துக்கொள்வாரா? தெரியாது. அவருக்குக் கோபம் வந்தால் நாச்சிமுத்து என்ன ஆவான்? அதுவும் தெரியாது. எழுத்து கோணுகிறது, மன்னித்துக்கொள்.

ஆனால் ஒன்று தெரிந்தது அக்கா. நம்முடைய ஊடு எதிலாவது வாசல் சுவருக்கு உள்ளே இருக்கிறதா? நெலவைத் தாண்டினால்தானே வாசல்? நாங்கள் ஊரோடு சேர்ந்து மதிலைப் பேர்த்தது, வாசல் உள்ளேதான் இருக்க வேண்டும் என்று நினைத்ததால். இன்று காலை மருந்துக்கு வந்த பெண்கள், யாரும் சொல்லாமலே, பாவாயி தெளித்த அந்த வெளியிடத்தில் உட்கார்ந்தார்கள். கள்ளி இல்லை, புழுதி இல்லை. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி காலை நீட்டிக்கூட உட்கார்ந்தாள். அது சர்க்கார் சின்னத்துக்குள் இல்லை, பலகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீ கேட்ட வாசல் அதுதானே?

ஆகையால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அந்த இடத்தில் மதிலைத் தொடாமல், தனியாக மூங்கில் ஊன்றி, வெயில் முற்றுவதற்குள் ஓலைப் பந்தல் போடுவேன். ஆபீசர் சொன்ன வாசலை, அதாவது நெலவை, அவரையே பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு அகலப்படுத்துவோம். உன் கல்லை யாரையும் தேய்க்க விடமாட்டேன். துரை என்னைக் கேட்டால், யானை வராது. இடியும் விழாது. நீ கேட்டது எது, அவர் சொன்னது எது, நாங்கள் செய்தது எது என்று, என் ஆயுசில் முதல் தடவையாக, ஒன்றை ஒன்றாகச் சொல்வேன். உன் மகனுக்கு முன்னால் நின்று சொல்வேன்.

ஏரிக்கரை மேல் கரிப்புகை தெரிகிறது. பஸ் மேட்டில் நின்றுவிட்டது போலிருக்கிறது, யாரோ தொப்பிக்காரர் இறங்கித் தள்ளுகிறார். நாச்சிமுத்து சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு நிற்கிறான். போய்ச் சரிசெய்துவிட்டு, வாசலில் நின்று அவர்களைக் கூப்பிட வேண்டும்.

எந்த வாசல் என்று நீயாவது கேட்க மாட்டாய்.

உன் கையால் அடிபட்டு வளர்ந்த,
உன் மகனுக்கு இன்று அரணாக நிற்கப் போகிற,
புளுகு குறையாத தம்பி,
பொன்னுச்சாமி